முருகைக்கல்லுக்கு வாங்கிய விளக்கு

வெளிச்சம் விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அப்போது நினைத்திருந்தேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயிலைத் தெரியாதா? நிலாவெளிப் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் முருகைக்கற்கள், அந்த உயிருள்ள பவளப்பாறைகள், உச்சி வெயிலில் தலைநீட்டிக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் தகும் என்பது என் முடிவு.

நான் வேலை செய்வது கடலுயிரியல் படிப்பிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். துறைமுகத்துக்குள் பழைய இறங்குதுறை ஒன்றை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றபோது, அதன் தூண்களில் வளர்ந்திருந்த முருகைக்கற்களை அழியவிடாமல் எடுத்து வைக்க எங்களுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. முதல் தூணிலிருந்து நாலு துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிரட்டை அளவு இருக்கும். நீருக்குள் மூழ்கி அவற்றைக் கழற்றியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சுழியோடி. கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவருடைய வழமையான தொழில். வயது கிட்டத்தட்ட என் வயதுதான், ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்றே கூப்பிடுவேன். கடல்நீர் நிரப்பிய நாலு வாளிகளில் துண்டுகளைக் கொண்டுவந்து, தானே தொட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

விளக்கு வாங்குவது என் பொறுப்பு. கொழும்புக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் இரண்டு எல்.ஈ.டி விளக்குகளின் படம் அனுப்பினார். ஒன்று சின்னது, வெள்ளையும் நீலமும் கலந்து ஒரே அளவில் எரியும். மற்றது பெரியது. அதில் வெள்ளைக்கு ஒரு திருகி, நீலத்துக்கு ஒரு திருகி. வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் பகுதித் தலைவர் சின்னது போதும் என்றார். “மீன் வளர்க்கிற லைட்டில முருகைக்கல் வளராது சேர்” என்று அவருடைய அறையில் நின்று வாதாடிப் பெரியதையே எடுப்பித்தேன். அந்தத் தேர்வில் இன்றைக்கும் நான் பிழை காணவில்லை. திருகியில் வைத்த கைதான் பிழை.

நீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டி, இரண்டு திருகிகளையும் முழுதாகத் திருப்பினேன். கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மாணவர்கள் வந்து படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு கிழமையில் துண்டுகளின் மண்ணிறம் வெளிறத் தொடங்கியது. நிழலில் வைத்த சாடிச் செடி வெளிறுவதைப் பார்த்த புத்தி எனக்கு. வெளிச்சம் காணாது என்று நினைத்தேன். எட்டு மணித்தியாலம் எரிந்ததைப் பன்னிரண்டாக்கினேன். விளக்கை இன்னும் நாலு விரல் கீழே இறக்கினேன். நாலில் ஒன்று எலும்பாய் வெளுத்து, பிறகு பாசி மூடிச் செத்தது.

தலைவர் வந்து பார்த்து ஏன் என்று கேட்டார். வாதாடி வாங்கிய விளக்கு தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. “கழட்டேக்க அடிபட்டிருக்கும் சேர்” என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது. அவரும் சரி என்று போய்விட்டார்.

நாலு நாள் கழித்து அந்த நானா ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்.

“நான் கழட்டினதில அடிபட்டுத்தான் செத்ததாம் எண்டு சேர் சொன்னார். ரெண்டாவது தூணுக்கு வேற ஆளப் பாக்கிறாங்களாம். நான் அடிபட விடல்லயே மிஸ்.”

நான் கழுவின வலையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். “கடலுக்குள்ள நடக்கிறதை ஆர் கண்டது நானா” என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அவர் தொட்டிக்குக் கிட்டப் போய், கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

“இதென்ன மிஸ், கப்பல்ல சாமான் இறக்கிற லைட்டா? அதுகள் இரிந்த இடத்துக்குப் பகல்லயும் நான் டோர்ச்சோடதான் போறது.”

அனுமதிக் கடிதத்தில் இறங்குதுறைத் தூண் என்று எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். தூணுக்கு மேலே தளம் இருக்கும், தளத்துக்குக் கீழே வெயில் விழாது, துறைமுகத் தண்ணீரும் கலங்கல் என்பது ஒரு தடவைகூட மூளையில் ஏறவில்லை. நிலாவெளிக் கல்லுக்குத் தேவையானதை நிழலில் வளர்ந்ததற்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர் யன்னல் சீலையை இழுத்து மூடச் சொன்னார். வெள்ளையை அணைகிற அளவுக்குக் குறைத்தார். நீலத்தைக் கொஞ்சம் விட்டார். “இவ்வளவுதான்.”

“எனக்கு ஒண்டும் தெரியேல்லையே.”

“உங்களுக்கு என்ர டோர்ச்சத் தாறன்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

விளக்கை மறுபடி உயர்த்திக் கட்டினேன். நேரத்தை ஆறு மணித்தியாலமாக்கினேன். திருகியைத் தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு மாதத்தில் மற்ற மூன்றிலும் மண்ணிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. அவை உயிரோடு இருப்பதே அவர் மேல் பிழையில்லை என்பதற்குச் சாட்சி, அந்தச் சாட்சியைப் பூட்டி வைத்திருப்பவள் நான். இரண்டாவது தூணை வரும் கிழமை கழற்றுவார்கள், புல்மோட்டைப் பக்கம் ஓர் ஆளிடம் பேசியாயிற்று என்று தலைவர் சொன்ன அன்று, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடிவிட்டு அவருடைய அறைக்குப் போனேன்.

“சேர், அது அடிபட்டுச் சாகேல்ல. லைட்டைக் கூட்டிச் சாகடிச்சது நான்தான். அவர் நல்லாத்தான் கழட்டினவர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ரெண்டு மாசமா ஏன் சொல்லேல்ல?”

“பயத்தில சொல்லேல்ல சேர்.”

எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். அதற்கு முன்னால் அந்த மனுசனுக்கு நீங்களே போன் எடுத்து வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

போனை எடுத்து, “நானா, ஒரு விஷயம் சொல்ல வேணும்” என்று தொடங்கினேன்.

“தெரியும் மிஸ். அண்டைக்கு லைட்டக் கண்ட உடனேயே தெரியும்.”

“அப்ப ஏன் சேரிட்டச் சொல்லேல்ல?”

“சொன்னா உங்கள மாத்தியிரிப்பாங்க. புதுசா வாற ஆளும் வந்த கையோட அந்த லைட்டத்தான் கூட்டிப் பாத்திரிக்கும். மிச்சம் மூண்டும் போயிரிக்கும்.”

தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று அவர் அந்த மூன்றையும் என் கையில் விட்டிருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. எத்தனை வாளி கொண்டுவர வேண்டும் என்று அவர்தான் கேட்டார்.