கேட் அடைத்தாலும் ஓடும் பம்ப்

வண்டி ஓடினால் பெயர் மெக்கானிக்குக்கு, நின்றால் பழி எலெக்ட்ரீஷியனுக்கு. டெஸ்ட் லைட்டைக் கையில் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், வீட்டில் ஃபேன் நின்றதும் முதலில் யாரைத் திட்டினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மஸ்கட்டில் பதினெட்டு வருடம் கார்களுக்கு வயரிங் செய்துவிட்டு, தொண்ணூறுகளின் பின்பாதியில் பாளையங்கோட்டையில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். அங்கே கற்றதை இங்கே அப்படியே செய்தால் போதும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை ஒரே ஒரு கார் திருத்தியது.

கெடு

காரின் சொந்தக்காரர் ஜெபராஜ் சார். பஹ்ரைனில் வேலை பார்த்து முடித்து, ஆசைப்பட்டு வாங்கிய காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். அதில் சூப்பர்சார்ஜர் உண்டு. எஞ்சினுக்குள் போகும் காற்றை அமுக்கித் திணிக்கும் கருவி அது. அமுக்கினால் காற்று சூடாகும். அதை ஆற்ற முன்பக்கம் தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர். அதில் தண்ணீரைச் சுற்றவிட ஒரு மின்சாரப் பம்ப். அந்தப் பம்ப் கிழடாகிவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் பைய நகர, காற்று கொதிக்க, எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மாட்டு வண்டிக்குப் பின்னால்கூட மரியாதையாகவே போகும்.

சாரின் மனைவி ரூபி டீச்சர் அதை ஒருநாளும் ‘எங்க காரு’ என்றதில்லை. ‘அவுக காரு’ என்பார். அவர் கெடு வைத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் வரும்போது எல்லாரையும் ஏற்றிக்கொண்டு காரையாறு அணைவரை மலை ஏறவேண்டும். திணறினால் விற்றுவிட வேண்டும். சார் தன் மச்சினன் மூலமாகப் பெரிய பம்ப் ஒன்றை வரவழைத்து, பெட்டியை என் மேஜையில் வைத்தார். “மகளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட நான் இவ்வளவு ஜெபம் பண்ணல அண்ணாச்சி. பாத்துச் செய்யுங்க.”

கரண்டும் காற்றும்

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம் இரண்டு மொழியையும் தலையில் தட்டி ஏற்றியிருந்ததால் வரி வரியாகப் படித்தேன். புதுப் பம்ப் கரண்டை அதிகம் இழுக்கும். பழைய ஒல்லி வயர் தாங்காது. ஆகவே பேட்டரியிலிருந்து தடித்த வயர், அதன் தலைமாட்டிலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே, அதாவது கொஞ்சக் கரண்டை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச். ஒல்லி வயருக்கு இனி அந்த ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்கினேன். நாலு நாள் ஆனது.

சாவியைத் திருப்பினால் பம்ப் அலறியது. கழற்றி மாட்டினேன், மறுபடி அலறல். பக்கத்து ஷெட்டில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் இசக்கி, பீடியை அணைத்துவிட்டு வந்து, காரின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஹோஸை மாடு கறப்பதுபோல் அமுக்கி அமுக்கி விட்டார். தண்ணீர் ஊற்றும் டப்பாவில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. அலறல் அடங்கி, வண்டு ரீங்காரம்போல் ஒரு சத்தம் மிஞ்சியது. இசக்கி கையைத் துடைத்துக்கொண்டார். “கரண்டு உமக்குத் தெரியும் வே. தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்க காத்து எனக்குத்தான் தெரியும்.”

குலவணிகர்புரம் கேட்

கார் பறந்தது, மூன்று நாளைக்கு. நாலாம் நாள் சார் முகம் வாடி வந்தார். எங்கேயும் கோளாறில்லை, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மட்டும் கார் சோர்ந்துபோகிறது என்றார். ரிலேயைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், எர்த்தை இன்னொரு தடவை சுரண்டினேன். குறை ஒன்றும் தெரியவில்லை. ‘கேட்டுல முனி நிக்கி’ என்று இசக்கி முடிவே கட்டிவிட்டார்.

கடைசியில் நானே சாரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனேன். கேட் அடைத்திருந்தது. முன்னால் பஸ் எஞ்சினை நிறுத்தியது, பின்னால் லாரி நிறுத்தியது, சாரும் சாவியைத் திருப்பி நிறுத்தினார். கடலைக்காரர் கூவுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. சாவியைத் திருப்பி அணைத்தால் நான் மாட்டிய பம்பும் நிற்கும். கொதிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்து சூடேறும். மஸ்கட்டில் ஏசி நின்றுவிடுமே என்று பயந்து யாரும் எஞ்சினை நிறுத்தமாட்டார்கள். கம்பியைச் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன். ஊரை மறந்துவிட்டுக் கட்டியிருக்கிறேன். கேட்டில் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சார் முடியாது என்று தலையை ஆட்டினார். “எல்லாரும் அமத்திட்டு நிக்கையில நம்ம வண்டி மட்டும் உறுமுனா, பஸ் டிரைவர் இறங்கி வந்து சோலி என்னன்னு கேப்பாரு. அது என்னால ஆவாது அண்ணாச்சி.”

ஆராதனை வேளை

சாவியை எடுத்த பிறகும் பத்து நிமிடம் பம்ப் ஓடும்படி ஒரு டைமர் ரிலே வாங்கி மாட்டினேன். சாரிடம் சொன்னேன். ஊரிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு சாரும் டீச்சரும் கோயிலுக்குள் போயிருக்கிறார்கள். ஆளில்லாத காருக்குள் ரீங்காரம் கேட்டுக் காவலாளி பதறிவிட்டார். பிரசங்கம் நடக்கும்போதே பெஞ்சு பெஞ்சாகத் தேடி வந்து சாரின் காதில், அதாவது நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி, சொல்லியிருக்கிறார்: “சார், உங்க காரு சாவிய எடுத்த பொறவும் முனங்குது. என்ன வேணும்னு வந்து கேளுங்க.”

மண்சட்டி

டீச்சர் கிறிஸ்துமஸ்வரைகூடக் காத்திருக்கப் போவதில்லை, தரகரை வரச்சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் நானே அவர் வீட்டுக்குப் போனேன். ரிலே, ஃபியூஸ் என்று ஆரம்பித்தேன். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தாளில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அடுப்பை அணைத்தாலும் மண்சட்டியில் குழம்பு கொதிக்குமே, அதை விசிறி ஆற்றுகிற வேலைதான் அந்தச் சத்தம் என்றேன். சிவப்பு மைப் பேனா நின்றது. “இத முதல்லயே சொல்ல என்ன? சரி, காரையாத்துக்கு நீங்களும் வாங்க. நின்னா தள்ள ஆள் வேணும்லா.”

திரும்பும் வழி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஐந்து பேரும் ஒரு பெரிய டிபன் கேரியருமாகக் கிளம்பினோம். பாபநாசம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் காது எஞ்சினிலேயே இருந்தது. வளைவு வளைவாக ஏறினோம். எனக்கு வியர்த்தது, காருக்கு வியர்க்கவில்லை. அணைக்கரையில் டீச்சர் புளியோதரை பரிமாறினார், காரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. சார் சாப்பிடவே இல்லை.

திரும்பும்போது பத்தமடை, மேலப்பாளையம் எல்லாம் கடந்து வந்தால், குலவணிகர்புரம் கேட் அடைத்துக் கிடக்கிறது. எல்லாரும் எஞ்சினை நிறுத்தினார்கள். சாரும் நிறுத்தினார். பம்ப் மட்டும் ரீங்காரமிட்டது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் குனிந்து, “வண்டிக்குள்ள என்னமோ இரையுதே?” என்றார். சார் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கண்ணாடியை இறக்கினார். “எங்க காரு வெந்நி ஆத்துதுப்பா. நீங்க கடலையத் தின்னுங்க.”

அந்தப் பம்பைப் பேட்டரியோடு சேர்க்க எனக்கு நாலு நாள்தான் ஆனது. கேட்டோடும், கோயிலோடும், ரூபி டீச்சரோடும் சேர்த்துவைக்கத்தான் மூன்று மாதம் பிடித்தது.