குடிக்காத மனிதர் குடியை விட்ட கதை

அவனை நான் முதலில் பார்த்தது பல்கலைக்கழக அலுவலகத்தில், சான்றிதழ் சரிபார்க்கும் வரிசையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா அவனுடைய விண்ணப்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இளங்கலை படைப்பெழுத்து. தம்பி, தெரிஞ்சுதான் டிக் பண்ணீங்களா, இல்ல கை தவறிடுச்சா?" என்று கேட்டார். வரிசை சிரித்தது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "தெரிஞ்சுதான் சார்" என்றான். அவனுக்குப் பின்னால் அதே கட்டத்தில் டிக் செய்துவிட்டு நின்றிருந்த எனக்கு அந்தச் சொல் பெரிய துணையாக இருந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. படிப்பு முடியும்வரை விடுதியில் ஒரே அறையில் கிடந்தோம். என்னைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இது அவன் கதை.

அவன் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். மகன் என்ன படிக்கிறான் என்று வேன் நிற்கும் இடத்தில் மற்ற ஓட்டுநர்கள் கேட்டபோது, "எழுத்து படிக்கிறான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"இத்தனை நாளா எழுதப் படிக்கத் தெரியாமயா இருந்தான்?" என்றார் ஒருவர்.

"உனக்குத் தெரிஞ்சது கையெழுத்து. இது வேற எழுத்து" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகனிடம் ரகசியமாகக் கேட்டார்: "நெசமாவே அங்க என்னடா சொல்லிக் குடுப்பாங்க?"

"பட்டறைன்னு ஒன்னு இருக்கும்ப்பா. ஒருத்தர் எழுதினத எல்லாரும் சேர்ந்து பிரிச்சுப் பாப்பாங்க."

"அப்ப நம்ம மெக்கானிக் ஷெட்தான். பிரிக்கிறது சுலபம்டா. திரும்ப மாட்டினப்புறம் ஒரு போல்ட்டு கையில மிஞ்சி நிக்கும் பாரு, அதுதான் வேதனை."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "கதை கட்டறதுக்கு மூணு வருஷமா? உங்க அத்தை மூச்சு விடற நேரத்துல மூணு கட்டுவா."

வகுப்பில் அவனுக்கு 'ஹார்ன்' என்று பெயர் விழுந்தது. அப்பா ஓட்டுநர் என்பது ஒரு காரணம். இருந்தவர்களிலேயே அதிகம் சத்தம் போடாதவன் அவன் என்பது இன்னொரு காரணம். பட்டறை நாட்களில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காருவோம். பேராசிரியை ஒரே ஒரு விதி வைத்திருந்தார். யாருடைய எழுத்தைப் பேசுகிறோமோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. "நாளைக்கு உங்க புத்தகத்தை வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய், பக்கத்துல உக்காந்து விளக்கம் சொல்லிட்டிருப்பீங்களா?" என்பார். பாராட்டினாலும் ஏசினாலும் தப்பாகப் புரிந்துகொண்டாலும் எழுதியவர் குனிந்து குறிப்பெடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாயாடிகள் தவித்தார்கள். இவனுக்கோ அது மீனைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது.

அவன் தவிப்பு வேறு. முதல் வருடம் அவன் எழுதிய எல்லாவற்றுக்கும், "நல்லா இருக்கு" என்றார்கள். கேன்டீன் டீயைக் குடித்துவிட்டும் அதே குரலில் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அம்மாவும் அப்பாவும் பிரிந்த ஒருத்தியின் கதைக்கு வகுப்பே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த ஒருவனின் கதைக்குப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவன் படுக்கையில் கிடந்து யோசித்துப் பார்த்தான். சொல்லிக்கொள்ளும்படி ஒரு துன்பம்கூட இல்லாமல் வளர்ந்து தொலைத்திருக்கிறோமே என்று இருந்தது. திட்டாத அப்பா, அடிக்காத அம்மா, நேரத்துக்குச் சோறு. இதை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன எழுத முடியும்?

இரண்டாம் வருடம் அவன் ஒரு வேன் ஓட்டுநரின் கதையை எழுதினான். கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு அந்தத் துணியை நாலாக மடித்து ஸ்டியரிங் மேல் வைக்கும் மனிதர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உதட்டை மட்டும் அசைத்துப் பிள்ளைகளின் தலையை எண்ணுகிறவர். ஏறுகிற ஒவ்வொரு பொடியனையும், "வாங்க கலெக்டர் சார்" என்று அழைக்கிறவர். எல்லாம் அப்பாதான். வார்த்தைக்கு வார்த்தை அப்பாதான். அவன் சேர்த்தது ஒன்றே ஒன்று: இருக்கைக்கு அடியில் ஒரு பாட்டில். கதையில் ஒரு மத்தியான வெயிலில் அந்த மனிதர் குடித்துவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிப் போகிறார். கதவு பூட்டிய வேனுக்குள் பிள்ளைகள் அழுகிறார்கள். மகன் ஓடிப்போய்க் கண்ணாடியை உடைக்கிறான்.

அவன் வாசித்து முடித்தபோது யாரும் "நல்லா இருக்கு" என்று சொல்லவில்லை. பிறகு பேராசிரியை மெதுவாகச் சொன்னார்: "அந்த மஞ்சள் துணியை யாரும் உக்காந்து கற்பனை பண்ணிட முடியாது. இது வாழ்ந்த வாழ்க்கை."

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேராசிரியைக்கு முன்பே எல்லோர் தாளையும் பச்சைப் பேனாவால் திருத்திவிடுவாள் என்பதால் அவளுக்கு 'சின்ன மேடம்' என்று பெயர். அவள் அன்று பேனாவைத் திறக்கவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் தலை குனிந்து, தாளின் ஓரத்தில் ஒன்றுமில்லாத கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். விதி இருந்தது. விதியின் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

விதி பட்டறையோடு முடிந்துவிடும். அதன் பிறகு கேன்டீனில் சின்ன மேடம் டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "இத்தனை நாள் எங்ககிட்ட சொல்லவே இல்லயே. தைரியமா இரு" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். "அட, அது சும்மா கதை" என்று நாலு வார்த்தை. அவன் தலையை ஆட்டினான். மேலும் கீழுமாக, ஒரே ஒரு தடவை.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. கட்டுரை தாமதமானால், "வீட்டுச் சூழ்நிலை அப்படி" என்று வேறு யாராவது அவனுக்காகப் பேசினார்கள். துறையின் ஆண்டு மலரில் அந்தக் கதை முதல் பக்கத்தில் வந்தது. அறையில் அவனும் நானும் தனியாக இருக்கும்போது, "இப்ப எப்படிடா போய் மாத்திச் சொல்றது?" என்பான். மலரின் ஒரு பிரதியைக்கூட அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆண்டு முடிந்து விடுதியைக் காலி செய்த அன்று அப்பாவே வேனை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் தூக்க வந்தவரைச் சுற்றி நாங்கள் நின்றோம். "வாங்க கலெக்டர்களா, யாருக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு? ஏறுங்க, டிக்கெட் கிடையாது" என்றார். யாரும் நகரவில்லை. எந்த வண்டி வந்தாலும் முந்திக்கொண்டு ஏறுகிற கூட்டம் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன மேடம் மட்டும் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த பள்ளியின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா பையன் இந்த ஸ்கூல்லதான் படிக்கிறான்" என்றாள். அது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அங்கிள், ஒன்னு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "குடிக்கிறத இப்ப விட்டுட்டீங்கல்ல?"

அப்பாவின் கையில் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகனின் முகம் அவருக்கு என்ன சொன்னதோ, அது போதுமானதாக இருந்தது.

"விட்டுட்டேன்மா" என்றார். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு."

நகரத்தின் கடைசிச் சிக்னலில் வேன் நின்றபோது அப்பா மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நாலாக மடித்தார். "என்ன சரக்குடா குடிப்பேன் நான்?" என்று கேட்டார்.

"கதைலப்பா. சும்மா கதைல…"

"நானும் கதைலதான் கேக்கறேன்."

கொஞ்ச தூரம் போனதும், "இல்லன்னே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான்.

"சொல்லியிருந்தா அத்தனை பேர் முன்னாடி நீ பொய்யனாகி நின்னிருப்ப." அப்பா கியரை மாற்றினார். "நல்லா எழுதியிருந்தியா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"அப்ப சரி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து அவன் கிளம்பிய அன்று, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி அப்பா அவனை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். பின்னால் பிள்ளைகள். பள்ளி வாசலில் காவலாளி கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். அவர் கையில் சின்னதாக ஒரு கருவியும் பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. அப்பா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்தக் குழாயில் ஊதினார். பழகிப்போன ஊதல். பின்னாலிருந்து ஒரு குரல், "டிரைவர் அங்கிள் பலூன் ஊதறாரு" என்றது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

காவலாளி சிரிக்கவில்லை. "பேரன்ட் ஒருத்தர் புகார் குடுத்திருக்காங்களாம்ணே. உங்களுக்கு மட்டும்னு மேல இருந்து உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?"

"நீ உன் வேலையப் பாருப்பா. என் மூச்சு எப்படியிருக்குன்னு எனக்கும் தெரிய வேண்டாமா?"

பள்ளி அலுவலகம் வாசலிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறங்கி நடந்தால் போதும். அவன் இறங்கவில்லை. மஞ்சள் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் அப்பா பெட்டியை இறக்கிக் கொடுத்து, "நல்லா எழுதுடா" என்றார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று அன்று அறையில் என்னிடம் சொன்னான்.

மூன்றாம் வருடத்தின் முதல் பட்டறையிலேயே அவன் முறை வந்தது. குற்றம் குறை சொல்ல முடியாத ஒரு நல்ல அப்பாவைப் பற்றி எழுதியிருந்தான். கடனைத் தீர்க்கிற மாதிரி எழுதியிருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். சின்ன மேடம் பச்சைப் பேனாவை மூடிவிட்டு, "இது அவங்க அப்பா திருந்தினதுக்கு அப்புறம் உள்ள கதை. நான் நேர்லயே பாத்திருக்கேன். பெரிய விஷயம், நிஜமாவே விட்டுட்டார்" என்றாள்.

"அவர் குடிச்சதே இல்ல" என்றான்.

பேராசிரியை விரலை உயர்த்தினார். "எழுதினவர் பேசக் கூடாது."

"கதையப் பத்தி நான் பேசல மேடம். எங்க அப்பாவப் பத்திப் பேசறேன்."

"ஹார்ன் அடிச்சிருச்சுடா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பாட்டிலைச் சொன்னான். பள்ளி வாசல் குழாயைச் சொன்னான். வாக்கியங்கள் பாதியில் அறுந்தன. இரண்டு வருடம் அவன் எழுதியதில் அதைவிட மோசமாக எதுவும் இருந்ததில்லை.

பேராசிரியை அவனுக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கப் பார்த்தார். "கதையில் வர்ற பொய் குற்றமில்லையே" என்றார்.

"கதைல சொன்னதுக்கு நான் ஒன்னும் கேக்கல மேடம்" என்றாள் சின்ன மேடம். அவள் முகம் சிவந்திருந்தது. அவனைத்தான் பார்த்தாள். "அன்னிக்கு கேன்டீன்ல தலையாட்டினியே, அது எந்தக் கதைல வருது? எங்க அக்காகிட்ட நான்தான் சொன்னேன். இப்ப போய் என்னன்னு சொல்ல? என் கூடப் படிக்கிறவன் பிரமாதமா எழுதுவான்னா?"

இந்த முறை விதி அவனைக் காப்பாற்றவில்லை.

அந்த வாரமே ஊருக்குப் போய், பள்ளி மேலாளர் முன்னால் நின்றான். ஆண்டு மலரையும் கையோடு கொண்டுபோயிருந்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிக்காதவர் எதுக்குத் தம்பி விட்டுட்டேன்னு சொல்லணும்?" என்றார். எவ்வளவோ விளக்கினான். விளக்க விளக்க, அப்பாவைக் காப்பாற்ற ஒரு மகன் புதிதாகக் கதை கட்டுவது போலத்தான் அது அவர் காதில் விழுந்தது. எழுதக் கற்றவன் என்று வேறு தெரிந்துவிட்டதே. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: "ஒருத்தர மட்டும் ஊதச் சொல்றது தப்புதான். மெஷினும் வாங்கியாச்சு. இனிமே எல்லா டிரைவரும் ஊதட்டும்."

வேன் நிற்கும் இடத்தில் அன்றிலிருந்து ஒரே வசவு. "எந்தப் புண்ணியவான் போட்ட குண்டோ, காலங்காத்தால எச்சிக் குழாயில வாய வைக்க வேண்டியிருக்கு" என்றார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து அந்தப் புண்ணியவானைத் திட்டினார். விடுமுறைக்கு வந்த மகனிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் யாராவது கோப்பையை நீட்டினால், "வேணாம், நான் விட்டவன்" என்று கண்ணடிப்பார். மற்றவர்கள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அவன் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சின்ன மேடம் அவர் அருகில் வந்து, "மன்னிச்சிருங்க அங்கிள்" என்றாள். "எதுக்கும்மா? உன்னாலதான் என் நுரையீரல் நல்லாருக்குன்னு தெரிஞ்சுது" என்றார். அவனிடம் அவள் பேசவில்லை.

இப்போது அவன் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறான். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் வரும் குறிப்புகளை எழுதுகிறான்: எப்போது போட்டுக்கொள்ள வேண்டும், யார் போட்டுக்கொள்ளக் கூடாது. அதில் ஒரு வார்த்தையைக்கூட அவனாகச் சேர்க்க முடியாது. கதை எழுதுவதில்லை. பெற்றோருடன்தான் இருக்கிறான். அப்பா அதே பள்ளியில் வேன் ஓட்டுகிறார். தினமும் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, குழாயில் ஊதிவிட்டு உள்ளே போகிறார்.