மேலேயே போடுவதா, அழித்துவிட்டுப் போடுவதா?

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த அப்கிரேடு, பதினொன்றரைக்கு அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது.

வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று கீழே ஒரு வேண்டுகோள். நான் எங்கே அணைத்தேன்? எங்கள் மலை ஊரான ஜமுனாமரத்தூரில் கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிஷம் கூவிப் பார்த்துவிட்டு அதுவும் அடங்கிவிட்டது.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்தது. 'செய்த மாற்றங்களை ரத்து செய்கிறோம்' என்றது. பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. இது இரண்டாவது தடவை!

ஏன் இந்த வம்பு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எட்டு வருஷப் பழசு. அதிலிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று மாதக்கணக்கில் நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. நான் 'பிறகு நினைவூட்டு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். நாம் எல்லோரும் அழுத்துவதுதானே?

ஆனால் அந்த மாதம் தள்ளிப்போட முடியாத ஒரு காரணம் வந்துவிட்டது. காரணத்தின் பெயர் குப்பு.

குப்புவுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு ஊர். சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம், புளியமரம் நாலு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவரும் உறுப்பினராக இருக்கும் ஊர்ப் பெண்கள் குழு சாமை அரவை மிஷின் ஒன்று நடத்துகிறது. அதற்கு சூப்பர்வைசர் வேலை வருகிறது, பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். குப்பு தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க பேப்பர்ல எழுதறவங்க. எனக்குப் பாடம் சொல்லிக் குடுங்க."

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவரிடம் படிக்கலாமே என்றேன். "ஐய, சார் முன்னாடி எனக்கு வாயே வராதுங்க" என்றார். கணக்கை மட்டும் சார் தாளில் எழுதிக்கொடுப்பார். குப்பு போட்டுக் கொண்டுவருவார். சார் திருத்துவார். இருவரும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை!

எனக்கும் ஒன்று தோன்றியது. குப்புவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். காதில் கேட்டால் உடனே பிடித்துக்கொள்கிறார். எனவே அறிவியலையும் சமூக அறிவியலையும் நானே வாசித்து, மைக்கில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். இருபத்து மூன்று பாடங்கள். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வார். கேட்டு முடித்ததும் ஒற்றை விரலால் பதிலை டைப் செய்வார்.

ஒருநாள் என்னவோ அழுத்தி, நான் பாதி எழுதி வைத்திருந்த பத்தி காணாமல் போனது. அதிலிருந்து அவருக்குத் தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட் திறந்து, பாடங்களையும் அதற்கே மாற்றிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். என்னுடையது ஒன்று, 'குப்பு' என்று ஒன்று. தன் பெயர் திரையில் வந்த முதல் நாள் அதை அழுத்தாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் மார்ச்சில் படுத்துக்கொண்டது. ஒரு பாடம் ஓடுவதற்குள் நாலு தடவை உறைந்து போனது. பரீட்சைக்குப் பதினாறு நாள்.

"இன்னாக்கா, இன்னும் சுத்திகினே கீது?"

"அப்கிரேடு பண்ணிட்டா சரியாயிடும் குப்பு."

ஆகவில்லை. அன்று சாயந்திரம், மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாபுவுக்குப் போன் போட்டேன்.

"மேலயே போட்டா பழைய குப்பையும் கூடவே வரும் மேடம். ஃபுல்லா அழிச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடுங்க. கிளீன் இன்ஸ்டால். சிபியு-வைக் கொண்டாந்து குடுங்க, நாலு நாள்ல முடிச்சித் தர்றேன்."

நாலு நாளா? பதினாறில் நாலு போனால் பன்னிரண்டு. அதுவும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி ஏற வேண்டும்.

"நானே பண்றேன் பாபு. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்களா மேடம்?" என்றார். அந்த 'நீங்களா' போதாதா? முடிவு அந்த இடத்திலேயே இறுகிவிட்டது.

எங்கள் மலை சிக்னலில் அத்தனை பெரிய ஃபைலை இறக்க முடியாது. பாபு பென்டிரைவில் ஏற்றி, பேப்பரில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மலைக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டேன்.

அழிப்பதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டுமே... முந்தின ராத்திரியே அதற்கு உட்கார்ந்துவிட்டேன். என்னைப் போல இருபது வருஷமாகத் தமிழ் டைப் அடிப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு பயம் உண்டு. என் ஆரம்பகாலப் பத்திகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். எனவே ஃபான்ட்டைத் தேடி எடுத்தேன். கீபோர்டு சாஃப்ட்வேரை எடுத்தேன். பத்திகள், போட்டோக்கள், பெண்ணின் கல்யாண வீடியோ, கேஸ் பில்லின் ஸ்கேன் உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது.

"எல்லாம் எடுத்துட்டேன்."

பென்டிரைவைச் செருகினேன். பாபு சொன்னபடி டிஸ்க்கின் பழைய பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். 'இதிலுள்ள அனைத்தும் போய்விடும், சம்மதமா?' என்றது. சம்மதம்! அன்று கரண்ட்கூட எனக்கு ஒத்துழைத்தது. நாற்பதே நிமிஷம். பளிச்சென்று புதுத் திரை. பட்டனை அழுத்திக் கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கிறது. பாபுவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 'சூப்பர் மேடம்' என்று பதில். சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன் என்றால் நம்புவீர்களா?

இரண்டு மணிக்குக் குப்பு வந்தார். கையைக் கழுவித் துடைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இன்னாக்கா... என் பேரைக் காணோம்?"

வெளி ஹார்ட் டிஸ்க்கை மறுபடியும் செருகினேன்.

திறந்து தேடினேன். என் அக்கவுன்ட்டில் இருந்த ஒரு துரும்புகூட விடுபடவில்லை. குப்புவின் அக்கவுன்ட்டிலிருந்து ஒரு துரும்புகூட வரவில்லை. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பாடங்கள் இருபத்து மூன்றும் அங்கேதான் இருந்தன. அவர் ஒற்றை விரலால் அடித்த பதில்களும் அங்கேதான்.

'எல்லாம் எடுத்துவிட்டாயா' என்று யாராவது கேட்டால், 'உன்னுடையது எல்லாம்' என்றுதான் நம் காதில் விழுகிறது. ஏன் அப்படி?

பாபுவுக்குப் போன் போட்டேன். "உள்ள எஸ்எஸ்டி டிஸ்க்தானே மேடம் போட்டிருக்கீங்க? அதுல அழிச்சா அழிச்சதுதான். ரெக்கவரி வராதுங்க" என்றார். அவர் குரலும் இறங்கிவிட்டது.

குப்பு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா? 'ரிப்பேர்ல இருக்கு, நாளைக்கு வந்துடும்' என்று? ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"குப்பு, உன்னோடது எல்லாத்தையும் நான் அழிச்சிட்டேன். என் தப்புதான். திரும்ப வராது."

"நான் அடிச்சதெல்லாம்?"

"அதுவும்."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா?" என்றார். உங்களைப் பார்த்தால் அவருக்கு வாயே வராது, நீங்கள் என்ன பேசுவீர்கள் என்றேன். நாளைக்கு நானே போய்க் காலில் விழுந்தாவது கூட்டி வருவதென்று இருந்தேன்.

போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே வாசலில் குப்பு. புளி உரித்த கறையோடு விரல்கள். கையில் பாலிதீன் கவரில் சுற்றிய புத்தகங்கள்.

"இன்னும் எத்தினி நாள் கீது?"

"பதினாலு."

"எத்தினி பாடம்?"

"இருபத்து மூணு."

மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு. சரியா இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். மைக்கைப் போட்டு வாசிக்க ஆரம்பித்தேன். பட்ட கடனைத் தீர்க்கும் வேகத்தில் ஒரே மூச்சில் மூன்று பாடம். நாலாவதில் தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தேன். இருமினேன். சத்தம் வரவில்லை.

குப்பு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார்.

"குடுங்க, நான் படிக்கிறேன். தப்பா சொன்னா நிறுத்துங்க."

ஒரு வருஷமாக என்னிடம் வருகிறார். ஒரு வரிகூட என் முன்னால் வாய்விட்டுப் படித்ததில்லை. நான் மூச்சுக்கூட சத்தமில்லாமல் விட்டேன்.

"இறை... இறையா... இருங்க... இறையாண்... மை." நாலு தடவை முட்டினார். ஐந்தாவது தடவை ஒரே வீச்சில் வந்தது. "இறையாண்மை. ஆங், வந்திச்சி!"

அதுவும் பதிவாகிவிட்டது. பாடம் முழுக்க இப்படித்தான்: "இல்ல, இருங்க, திரும்பச் சொல்றேன்." அதையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க்கா, கெடக்கட்டும். தடுமாறின எடம் தெரிஞ்சாதான் அங்க உஷாரா இருப்பேன்."

மூன்றாம் நாள் தன் பட்டன் போனை நீட்டினார். "இதுல பாட்டு போடற கார்டு கீது. பாடத்தை ஏத்த முடியுங்களா?" எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? ஏற்றிக் கொடுத்தேன். அது புளி சீசன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டை தட்டுவார்கள். நடுவில் குப்புவின் போனிலிருந்து குப்புவின் குரல், அமிலங்களையும் காரங்களையும் பற்றி. "பாட்டைப் போடுடீ" என்று முதல் நாள் கத்தியிருக்கிறார்கள். நாலாம் நாள், "நேத்து பாதியில நிறுத்தினியே, அந்தச் சண்டை இன்னா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறார்கள். அது முதல் உலகப் போர்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் சீக்கிரமாகவே வந்துவிட்டார். உள்ளே குப்பு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்ததும் வழக்கம்போல் வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். நிமிர்ந்து ஒரு பார்வை. பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். பாடம் முடியும் வரை சார் டிபன் கேரியரோடு வாசலிலேயே நின்றார். முடிந்ததும், "அந்த 'வெப்பநிலை'யை மட்டும் இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். குப்பு சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் கடைசிப் பாடம் முடிந்தது. இந்தத் தடவை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்தேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பரீட்சை எழுதினார். ரிசல்ட் போன வாரம் வந்தது. எல்லாவற்றிலும் பாஸ். சமூக அறிவியலில் ஐம்பத்தெட்டு. அறிவியலில் நாற்பத்தேழு. கணக்கில் சரியாக முப்பத்தைந்து! அந்த முப்பத்தைந்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நூறு வாங்கிய பிள்ளைகளுக்குக்கூட அவர் இப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

குப்பு வந்தார். சர்க்கரைப் பொங்கல் தூக்கில். மார்க் ஷீட்டின் பிரின்ட் என் பிரின்டரில்தான் எடுத்தோம். அதை இரண்டாக மடித்துப் பாலிதீன் கவரில் வைத்தார். கிளம்பினவர் வாசலில் நின்று திரும்பினார்.

"அக்கா, அடுத்தது பன்னெண்டாவது. இந்தத் தபா பொட்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"