போர்ட்டிகோவுல ஒரு கடைமடை

“மேல இருக்கவன் குடிச்சு முடிச்சாத்தான் கீழ விடுவான். கடைமடைக்காரன் வாயில மண்ணுதான்.”

எங்க பக்கத்து வீட்டு பஞ்சநாதன் மாமா இத ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுவாருன்னு எண்ணிப் பாத்து, எங்கம்மா சுல்தான் பீவி முப்பதுலயே கைய விட்டுட்டாங்க. காவிரித் தண்ணிக்கு மட்டும் சொன்னா ஞாயம். விழிதியூர்ல நாலு மா நெலம் வச்சிருக்காரு. ஆறு கடைசியா எட்டிப் பாத்துட்டு கடலுக்கு ஓடுற பக்கம். ஆனா நாங்க இருக்கற கோவில்பத்துக்கு பேப்பர் லேட்டா வந்தாலும் இதே பாட்டுதான். கல்யாணப் பந்தியில கடைசி வரிசைக்கு வர்றப்ப அப்பளம் தீந்து போனாலும் இதேதான்.

அந்தக் குரல் ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு தடவ கனைக்கணும். மூஞ்ச மேற்கால திருப்பணும், திருச்சி அங்கதான இருக்கு. அப்புறம் ‘மண்ணுதாஆன்’னு ஒரு இழுப்பு. ஒரு நாள் காம்பவுண்டு சுவரு ஓரமா நின்னு நான் அப்படி இழுத்தேன். உள்ளேருந்து வடிவாம்பாள் அத்தை, “இருங்க, காப்பி கொண்டாறேன்”னாங்க. மாமா அப்ப வீட்டுலயே இல்ல.

மாமா ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆன மறு மாசமே போர்ட்டிகோவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இரும்புக் கம்பி போட்டாரு. அதுல கொக்கி மாட்டி பதினோரு தொங்குதொட்டி. தேங்காநாரு வச்ச தொட்டி, டேபிள் ரோஸு, மணி பிளான்ட்டு, கோடியில ஒரு பெரணி. அன்னையிலேருந்து வீட்ட விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. “பதினோரு உசுரு தொங்குது. எப்புடி வுட்டுட்டுப் போறது?” யார்கிட்டயும் சாவியும் குடுக்க மாட்டாரு. ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ எங்கம்மாகிட்ட குடுத்துட்டுப் போனாரு, அம்மா பாசத்துல காலையும் மாலையும் ஊத்தி ரெண்டு செடிய அழுக வச்சுட்டாங்க.

இப்ப பேத்திக்கு காதுகுத்து. மக ஜெயப்ரியா இருக்கறது எங்கங்கிறீங்க? மேட்டூர்ல! சம்பந்தம் பேசுனப்பயே மாமா, “மேல இருக்கவன் வீட்டுலயா பொண்ணு குடுக்கறது”ன்னு ஒரு வாரம் யோசிச்சவரு. ஜெயப்ரியாக்கா போன்ல ஒரே சத்தம்: “அப்பா, ரெண்டு வருஷமா செடி செடின்னு வரல. இந்தத் தடவையும் வரலன்னா அந்தச் செடிக்கே காது குத்திக்கங்க!”

அத்தை கத்துற ஆளில்ல. அவங்க குரல் வெங்காயம் நறுக்குற மாதிரி, சின்னதா, ஆனா கண்ணுல தண்ணி வர வச்சிடும். “ஆறு நாள் வாங்க. என்ன ஏற்பாடு பண்ணணுமோ பண்ணுங்க. திரும்பி வர்றப்ப ஒரு தொட்டி செத்திருந்தாலும் இந்தக் கம்பி எனக்கு. கார்த்திகை மழையில துணி காயப்போட எடமில்லாம நாலு வருஷமா ஃபேனுக்கடியில பாவாடைய விரிச்சுப் போட்டுக்கிட்டு கெடக்குறேன்.”

“சாவாது,”ன்னாரு மாமா. “தண்ணி பங்கு வைக்க எனக்கா தெரியாது?”

ரெண்டு நாள் வேல நடந்துச்சு. இடது கோடியில ஒரு ஸ்டாண்டு மேல பழைய நீல டிரம்மு. அதுலேருந்து கம்பி ஓரமா ஒரு குழாய். குழாய்லேருந்து தொட்டிக்கு ஒண்ணா, குளுக்கோஸ் ஏத்துற ட்யூப், சொட்டுச் சொட்டா விழுற மாதிரி அதுல சின்னச் சக்கரம். சாக்பீஸால பேரு வேற எழுதுனாரு. டிரம்முதான் மேட்டூர். மொதத் தொட்டி திருச்சி முக்கொம்பு. நடுவுல கும்பகோணம். வலது கோடியில எங்க சுவரோரம் தொங்குற பெரணி, பதினொண்ணாவது, விழிதியூர்.

“மாமா, முக்கொம்புக்கு நல்லா கொட்டுதே?”ன்னேன்.

“தலைப்புல வேகம் இருந்தாத்தாண்டி கடைமடைக்கு எட்டும். பஹீமா, நீ போட்டோ மட்டும் அனுப்பு. கைய வைக்காத.”

எங்கேருந்து கைய வைக்கறது? போர்ட்டிகோ கிரில்ல பூட்டி, சாவிய அரைஞாண்ல முடிஞ்சுக்கிட்டு பஸ் ஏறுனாரு.

மொத நாளு ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாளு வீடியோ கால் பண்ணாரு. பின்னால அணை. “பாரும்மா, இங்க பாரு! எவ்வளவு தண்ணி கெடக்குது! எல்லாம் நம்ம தண்ணி!” காத்துல வேட்டியப் புடிச்சுக்கிட்டு, அணையப் பாத்து ஒரு கனைப்பு வேற.

“நம்ம மேட்டூரும் நல்லாத்தான் இருக்கு மாமா,”ன்னு போன கிரில் கம்பிக்குள்ள நீட்டிக் காட்டுனேன். முக்கொம்பு டேபிள் ரோஸு குளிச்சுக்கிட்டு நிக்கிது. கீழ தரையில குட்டை. ரெண்டு தவிட்டுக்குருவி அதுல ரெக்கைய அடிச்சு வெளையாடுது. எட்டாவதுக்கு ஏதோ ஒரு சொட்டு. அதுக்கு அப்பால ட்யூப்பு தும்முதே தவிர தண்ணியக் காணும்.

“அய்யய்யோ, முக்கொம்ப மூடு! கதவ இறக்குடி! அந்தச் சக்கரத்தக் கீழ தள்ளு!”

“கிரில் பூட்டியிருக்கு மாமா.”

“தொற!”

“சாவி உங்க அரைஞாண்ல இருக்கு.”

மாமா இடுப்பத் தடவிப் பாத்தாரு. பக்கத்துல அத்தை சிரிக்கிறது கேட்டுச்சு.

மூணாம் நாளு டிரம்மு காலி. எங்கம்மா கிரில்லுக்குள்ள எட்டிப் பாத்து, “யா அல்லாஹ், வாயில்லா உசுரு, கண்ணுக்கு முன்னால காயுதே”ன்னு எங்க ஓஸ் பைப்ப இழுத்துட்டு வந்து சுவரு மேலேருந்து பீச்சுனாங்க. அவங்க கை எட்டுனது விழிதியூருக்கு மட்டுந்தான். இந்தத் தடவ தெனம் காலையில ஒரு வேளதான், சத்தியமா. “போட்டோவுல என்னய எடுக்காதடி”ன்னாங்க. எடுக்கல.

ஏழாம் நாளு காலையில ஆட்டோ வந்து நின்னுச்சு. மாமா பையக்கூட எறக்கல. கிரில்லத் தொறந்து நேரா வலது கோடிக்கு ஓடுனாரு. பெரணி பச்சப் பசேல்னு நிக்கிது.

“வடிவு! வடிவு! வந்து பாரு! கடைமடைக்குப் போய்ச் சேந்துட்டு! கவர்மென்ட்டால முடியாதத நான் முடிச்சுட்டேன்!”

அத்தை செருப்பக் கழட்டிட்டு நிதானமா வந்தாங்க. மொதத் தொட்டியில வெரல வச்சாங்க, டேபிள் ரோஸு கொழகொழன்னு கையோட வந்துச்சு. நடுவுல இருந்ததெல்லாம் தல தொங்கிப் போயி, ஆனா உசுரு இருந்துச்சு. ஒம்பதாவதையும் பத்தாவதையும் தொட்டாங்க. அப்பளம் மாதிரி நொறுங்குச்சு.

“ஏங்க, ஒம்பதும் பத்தும் காஞ்சு கெடக்கு. அதையும் தாண்டி விழிதியூருக்கு மட்டும் தண்ணி எந்த வழியா போச்சு?”

மாமா என்னயப் பாத்தாரு. நான் எங்கம்மாவப் பாத்தேன். அம்மா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓஸ் பைப்ப முதுகுக்குப் பின்னால ஒளிச்சாங்க. பைப்போட வாயிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதிய. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளதான் ஊத்துனேன்.”

“அப்ப கம்பி எனக்கு,”ன்னாங்க அத்தை. மிச்சம் இருந்த எட்டுத் தொட்டியையும் ஒவ்வொண்ணா கழட்டி, கம்பிக்கு நேர் கீழ தரையில வரிசையா வச்சாங்க. பஸ்ஸுல வந்த அழுக்குப் பொடவைய அலசிக் கொண்டாந்து கம்பியில வீசுனாங்க. மாமா காலியான டிரம்மு மேல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. நான் சும்மா இருப்பேனா? ஒரு கனைப்பு. மூஞ்ச மேற்கால திருப்புனேன். “கடைமடைக்காரன் வாயில மண்ணுதாஆன்!”

அத்தை பொடவ ஓரத்த நீவி விட்டுக்கிட்டே கேட்டாங்க: “நாப்பது வருஷமா மேல இருக்கவன வைஞ்சீங்களே. இந்தத் தடவ மேட்டூரும் நீங்க, முக்கொம்பும் நீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

“என்னத்தச் சொல்றது? இவ்வளவு நாளா மேல இருக்கவன் வேணுமின்னே பண்றான்னு நெனச்சேன், அவனுக்கும் என்ன மாதிரியே குழாய் போடத் தெரியலன்னு இப்பதான் புரியுது. அது கெடக்கட்டும், அடுத்த பொடவைய ரொம்பப் புழியாம போடு, கீழ எட்டு உசுரு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு.”