ஒப்பீட்டு விண்மீன்

அக்காவின் ஆய்வேட்டில் மொழிப்பிழை பார்ப்பது என் வேலை. நான் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். அவள் வானியல் ஆய்வாளர். சோமனூர் வீட்டில், பக்கத்து விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே, அவளுடைய முக்கியமான அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அது நெறியாளரிடம் போயாக வேண்டும்.

அவள் ஆராய்ந்தது செறிவான சிறு கேலக்ஸி ஒன்றை. தொலைநோக்கிப் படத்தில் அதுவும் ஒரு விண்மீனைப் போல் புள்ளியாகத்தான் தெரியும். அதன் நடுவே ஒரு கருந்துளை பொருளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வரும் எக்ஸ் கதிரைச் செயற்கைக்கோள் அளந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதே வாரங்களில் மலைமேலுள்ள தொலைநோக்கியில் அக்கா அளந்திருந்தாள். எக்ஸ் கதிர் கூடினால், சில நாள் கழித்து ஒளியும் கூடுகிறது என்பது அவள் முடிவு. அத்தியாயம் முழுதும் அதன்மேல்தான் நின்றது.

மெல்லிய மேகம் படர்ந்தாலும் ஒளி மங்கிவிடும். ஆகவே கேலக்ஸியை அதே படத்திலுள்ள மாறாத விண்மீன் ஒன்றோடு ஒப்பிட்டு அளப்பார்கள். அக்கா பளிச்சென்று இருந்த ஒன்றைத் தேர்ந்திருந்தாள். தேர்வாளர் கேட்கக்கூடும் என்று, அன்று மதியம் வேறு இரண்டு மங்கலான விண்மீன்களை வைத்து மறுபடி அளந்து பார்த்தாள். கேலக்ஸியின் ஒளியைக் காட்டும் வரைகோட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாறிக்கொண்டிருந்தது அந்தப் பளிச்சென்ற விண்மீன்தான். அது மங்கியபோதெல்லாம் கேலக்ஸி பிரகாசமானதுபோல் தோன்றியிருக்கிறது. அந்தத் தோற்றம் எக்ஸ் கதிரோடு ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

அவள் மடிக்கணினியில் பழைய வரைகோட்டையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன அம்மணி, பொட்டி கெட்டுப்போச்சா?"

"பொட்டி நல்லாத்தானுங்கம்மா இருக்குது. நாந்தான் தப்பா அளந்துபோட்டேன்."

"அதென்ன கண்ணு, எத்தன கோடி வருசமா அங்கயே கெடக்குது. நீ ஒரு வாய் சோறு திங்கறதுக்குள்ள எங்க போயிரப்போவுது?"

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியும்போது கண் நிறைந்திருந்தது. சாப்பிடாமலே நெறியாளரை அழைத்தாள். காரணத்தை நீட்டவில்லை, தேர்ந்தெடுத்த விண்மீன் தவறு, முடிவு நிற்காது என்று மட்டும் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு வரைகோடுகளையும் எடுத்துவரச் சொன்னார். ஆய்வேடு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும் என்றார்.

முடிவு வாக்கியத்தை மாற்ற உட்கார்ந்தோம். 'ஒளியில் மாற்றம் இதுவரை தென்படவில்லை' என்று எழுதிக் காட்டினேன். 'இதுவரை' அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அது வேண்டாம். நான் பாத்த நாள்ல மாறல. அத மட்டும் எழுது."

எழுதினேன். அடுத்த வாக்கியமும் பழைய முடிவையே நம்பியிருந்தது. அதையும் அடித்துவிட்டு, அதற்கடுத்ததைப் படிக்கத் தொடங்கினோம்.