மாடிக்கு இழுத்த வயர்

சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முப்பது வருஷமாக வயரிங் வேலை. அப்பா கட்டிய வீட்டில் கீழே அவர், மாடியில் அண்ணன் குடும்பம்.

அண்ணன் மகள் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டபோது, பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் டெஸ்டர்தான். விஷயம் தெரிந்த அன்று அண்ணன் மாடிப்படியில் நின்று கத்தினார்: "என் வீட்டு கரண்ட்கூட இனி உன் வீட்டுக்கு வரக் கூடாதுடா!"

டெஸ்டருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு ஆளைக் கூப்பிடாமல் தானே பிரித்தார். மாடிக்குத் தனி மீட்டர், தனி ஃபேஸ். படிக்கட்டு விளக்கைக்கூட விடவில்லை. கீழ்ப்பாதிக்கு ஒரு பல்பு, மேல்பாதிக்கு ஒரு பல்பு. ஒன்பது வருஷம் இருவரும் அந்தப் படியில் முகம் பார்க்காமலே ஏறி இறங்கினார்கள்.

அண்ணன் பக்கவாதத்தில் படுத்த பிறகுதான் அண்ணி கீழே வந்து கதவைத் தட்டினாள்.

"தம்பி, பொண்ணு நிறைமாசமா இருக்கா. வெளிநாட்டுலேர்ந்து பிளேன் ஏற முடியாது. அப்பா முகத்தை போன்லயாவது பாக்கணும்னு அழறா. அவர் படுத்திருக்கிற ரூம்ல ஒரு புள்ளி சிக்னல்கூட வர்றதில்ல."

டெஸ்டர் வீட்டில்தான் இன்டர்நெட் இருந்தது. வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே ஏறவில்லை. கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். ஒன்றை இன்டர்நெட் பெட்டியோடு இணைத்துப் பிளக்கில் செருகினார். மற்றதைத் தன் சமையலறையில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. படுக்கையறையிலும் பச்சை. ஃபியூஸ் வேறு வேறாக இருந்தாலும் எல்லா வயரும் ஒரே போர்டில்தானே வந்து சேர்கிறது. மாடிக்கு எடுத்துப் போனார். கட்டிலோரத்தில் சிவப்பு. ஹாலில் சிவப்பு. எங்கே செருகினாலும் சிவப்பு.

"என்ன தம்பி, ரிப்பேரா?"

"இது நல்லாத்தான் இருக்கு அண்ணி. கீழ ஒரு மீட்டர், மேல ஒரு மீட்டர். ஒட்டும் உறவும் இல்லாம நான்தானே பிரிச்சேன்." அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார். "என் போர்டுலேர்ந்து இங்க ஒரு வயர் இழுத்தா வந்துரும்."

அண்ணனுக்குப் பேச்சு போயிருந்தது. காது கேட்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்னா விட்டுருங்க" என்று டெஸ்டர் விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். திரும்பி வரும்போது மாடிப்படியை ஒருமுறை பார்த்தார், ஏறவில்லை. கூப்பிட்டால் போவோம் என்றிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அண்ணி பாதிப் படியில் நின்று கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நீங்க இறங்கின கொஞ்ச நேரத்துலயே சரின்னு தலையாட்டிட்டார் தம்பி. வேணாம்னா விடுங்கன்னு போனவரை எப்படிக் கூப்பிடுறதுன்னு நான்தான் தயங்கிட்டேன். ரெண்டு நாளா கதவையே பாத்துட்டுக் கிடந்தார். இப்ப கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறார்."

டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். டெஸ்டர் படிக்கட்டுச் சுவரோடு வயரை இழுத்தார். சுத்தியல் இரண்டு முறை விரலில் பட்டது. வேலை முடிய நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பா! இங்க பாருங்கப்பா!" போன் திரையில் மகள் கூப்பிட்டாள்.

போர்வை மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

"சித்தப்பா, கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. தூங்குறாரா?"

"ஆமாம்மா. இப்பதான் கண்ணசந்தார்."

அண்ணன் மறுநாள் மதியம் போய்விட்டார்.

அந்த வயரை யாரும் எடுக்கவில்லை. அண்ணி அதில்தான் தினமும் மகளோடு பேசுகிறாள். பேத்தி முகத்தையும் அதில்தான் முதலில் பார்த்தாள். வீணாய்ப் போன இரண்டு நாளைப் பற்றி மகளிடம் அவள் மூச்சுவிடவில்லை. டெஸ்டருக்கு அது தெரியும். "சித்தப்பாவைக் கூப்பிடும்மா, பேசணும்" என்று மாடியில் போனில் மகள் குரல் கேட்டால் போதும், "அவசர வேலை அண்ணி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்.