மாடிக்கு வராத வெயில்

திருப்பதிக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலை கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்து கதவைத் தட்டி, சிரிக்காத முகத்தோடு, "ஏமண்டி, மீ குண்டீ நுஞ்சி நீள்ளு காருதுன்னாயி" என்றார். நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். அந்த வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான், அதுவும் புரியாமலே இருந்திருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டேன். தெலுங்கில் பூந்தொட்டிக்குத்தான் அந்தப் பெயர் என்பதும், என் தொட்டிகளில் ஊற்றும் தண்ணீர் ஒழுகி அவர் துணி காயப்போடும் கொடியில் விழுகிறது என்பதும் சாயங்காலம் மகள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொட்டியின் பெயர்கூடத் தெரியாத ஊரில் நாளைக்கு எப்படி அரிசி வாங்குவது, யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுதான் ஓடியது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. "திருப்பதி என்ன சீமையா, ராத்திரி ரயில் ஏறினா காலையில வந்துரலாம்" என்பார்கள். நான் ஃபோனில் அழுகிற நாளிலும் அண்ணி, "பெருமாள் காலடியில இருக்க, உனக்கென்னடி குறை" என்றுவிட்டு, வைகாசியில் நாலு பேருக்குத் தரிசன டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பார். கணவருக்கு ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை. மகள் உமையாள் மூன்றே மாதத்தில் தெலுங்கில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் கையில் இருந்த தொழில் செல்லாமல் போனது. இங்கே நான் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியை யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு தலைமையாசிரியர் மிகுந்த மரியாதையோடு, "டெய்லரிங் வருமா?" என்று கேட்டார்.

செய்ய வேலையில்லாமல்தான் செடி வைத்தேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சிறு மாடி உண்டு. கட்டிலைப் போட்டால் நடக்க இடமிருக்காது, அவ்வளவுதான். அதற்கு நேரே யாத்ரீகர்களுக்கான லாட்ஜ் ஒன்று எழும்பி நிற்கிறது. உச்சிவேளையில் லாட்ஜுக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு வேட்டி அகலத்துக்கு வெயில் இறங்கும். அது சுவரோரமாய் நகர்ந்து, நான் சோறு வடித்து நிமிர்வதற்குள் போய்விடும். பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தென்னை நாரும் கலந்து, செவ்வந்தி, ரோஜா, மல்லி வைத்தேன். மல்லிப் பதியனை அண்ணன் வயலிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

நிலக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர்கள் மல்லிக்காகக் கவலைப்பட்டதில்லை. மார்கழி, தையில் வெட்டிவிடுவார்கள், மாசியில் துளிர்க்கும், பங்குனியில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் எல்லோர் விரலும் காம்புச் சாறு பட்டுக் கறுத்திருக்கும். விலை விழுந்த நாளில் மூட்டையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்ச் செடி இங்கே என் வாளியில் கொடிகொடியாக நீண்டு, கரும்பச்சையாய் இலை விட்டது. மொட்டு என்று ஒன்று வரவில்லை. இலையை உருவினேன், நுனியைக் கிள்ளினேன், கடலைப் புண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன். மாவுப்பூச்சிதான் வந்தது. செவ்வந்தி ஒரு மழைக்கு அழுகியது. ரோஜா, வாங்கி வரும்போது இருந்த பூவோடு தன் கணக்கை முடித்துக்கொண்டது. கணவர், "பூத்த செடியா வாங்கி வை, காஞ்சா வேற வாங்கிக்கலாம்" என்றார். அன்று அவரோடு நான் போட்ட சண்டை செடிக்காக அல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

வெயில் வராவிட்டால் கொண்டுவருவோம் என்று, கல்யாணச் சீராக வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அந்த வேட்டி அகல வெயில் தாம்பாளத்தில் பட்டு மல்லியின் மேல் அழகாய் விழுந்தது. எனக்கே என் புத்தி பிடித்துப்போனது. மூன்றாம் நாள் லாட்ஜ் ஜன்னலிலிருந்து ஒருவர் கூச்சல் போட்டார். மீதி வெளிச்சம் அவர்கள் அறைக்குள் பாய்ந்து, மலையிறங்கி வந்து படுத்தவர்களின் கண்ணைப் பறித்திருக்கிறது. நான் நேரே லாட்ஜுக்குப் போனேன். அவர்கள் மொட்டை மாடியில் காலியாகக் கிடக்கும் ஒரு மூலையில் என் தொட்டியை வைக்க அனுமதி கேட்பது என் திட்டம். உமையாளிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம் மேனேஜரைப் பார்த்ததும் மறந்துவிட்டது. "நாக்கு எண்ட காவாலி" என்று மட்டும் வந்தது. எனக்கு வெயில் வேண்டும்.

அவர் சாவிப் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தரூ ஏசீ அடுகுதாரு, மீரேண்டம்மா எண்ட அடுகுதுன்னாரு?" என்றார். எல்லோரும் ஏசி கேட்கிறார்கள், நீங்கள் வெயில் கேட்கிறீர்களே. நான் மேலே கையைக் காட்டினேன். அவர் மேல் மாடியில் ரூம் காலியில்லை என்றார். திரும்பி வந்து தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

அதே வாரம்தான் கீழ்வீட்டுச் சண்டை முற்றியது. அந்தப் பெண் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் என் செம்மண் தண்ணீர் சொட்டி ஒரு கறை. அதை என் கண் முன்னே விரித்துக் காட்டிவிட்டுத் தெலுங்கில் பொரிந்துவிட்டுப் போனார். சமாதானம் சொல்லலாம் என்று கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் ஃபோனில் தன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நைனா, துன்னியா இல்லியா? மாத்திரை போட்டுக்கினியா? ... இங்கயா? மேல ஒரு தமிழ் டீச்சரம்மா வந்துகீது. தெனம் தண்ணி ஊத்தி ஊத்தி என் உசுர வாங்குது."

இத்தனை மாதம் நான் உமையாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாய் வார்த்தை பொறுக்கி, கைஜாடை காட்டி, அவமானப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு தமிழ்ப் பெண்ணிடமா? "நீங்க தமிழா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அப்புறம் ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல பேசல?"

அவர் ஃபோனை வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, மாட்டிக்கொண்ட சங்கடம்தான். பெயர் எஸ்தர். சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூர் சொந்த ஊர். பல தலைமுறையாய் அங்கேயே இருக்கும் தமிழ்க் கிறித்தவக் குடும்பம்.

"நாங்க பேசறது உங்களுக்கெல்லாம் தமிழாவே தெரியாது டீச்சரம்மா. மெட்ராஸ்ல நர்சிங் படிக்க சொல்ல, நான் வாயத் தெறந்தாலே ஹாஸ்டல்ல சிரிப்பாங்கோ. துன்னேன்னு சொல்லிட்டா, ஒரு வாரம் அதயே சொல்லிக்கினு திரிவாங்கோ. கொல்ட்டின்னு பேர் வெச்சிட்டாங்கோ. இங்க வந்தா தெலுகு ஆளுங்க தமிழச்சின்னு அரவம்ன்றாங்கோ. அதான், தமிழ்நாட்டு ஆளுன்னு தெரிஞ்சா தெலுகுலயே பேசிடறது. ரோதனை இல்ல பாருங்கோ."

கறைக்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் துணி காயணும், உங்களுக்குப் பூ பூக்கணும். ரெண்டுத்துக்கும் இங்க வெயில் இல்ல" என்றார் அவர். பிறகு சொன்னார், "எங்க நைனா வூட்ல வெயில் கொட்டிக் கெடக்குது. அந்த மல்லியக் குடுங்க, எடுத்துக்கினு போறேன். இங்க வெச்சிக்கினு இன்னாத்துக்கு அதையும் சாவடிச்சி, என்னையும் சாவடிச்சிக்கினு?"

உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வளர்க்கத் தெரியாதவள் என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஆனால் மார்கழியில் நானே கொடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வாளியைச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். எஸ்தர் அதை பஸ்ஸில் கொண்டுபோனார். மாடியில் மிஞ்சியது நிழலிலும் சுமாராகப் பூக்கும் கனகாம்பரம். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மணம் கிடையாது. தினமும் பூக்கிறது, தினமும் எரிச்சலாக இருக்கிறது.

இதற்கிடையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் என் பழைய இடம் காலியாவதாகவும், ஜூனில் வந்து சேரலாம் என்றும் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நானும் மகளும் முதலில் போய்விடுவது, கணவர் பிறகு மாற்றல் கேட்பது என்று மனதுக்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தேன். பத்தாவது முடித்திருந்த உமையாள்தான் அவிழ்த்துவிட்டாள். "எனக்கு இங்க இன்டர்ல சீட் கிடைச்சிருச்சு. ஃபிரண்ட்ஸ் எல்லாரும் இங்க இருக்காங்க. ஊர்ல எனக்கு யாரும்மா இருக்கா?" என்றாள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராய்ச் சொன்னேன். எல்லாம் எனக்கு வேண்டியவர்கள். தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "சரிம்மா, நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனார். காலையில் அவர்கள் கோயிலில் தமிழ் ஆராதனை. எனக்குப் பக்கத்தில் நின்று எஸ்தர் கணீரென்று தமிழ்ப் பாட்டுப் பாடினார். கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு, தெலுங்கு எழுத்து. பள்ளியில் படித்தது அந்த எழுத்துதான் என்றார். ழகரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் வேறு ஏதோ வந்தது. திருத்துவதற்கு என் நாக்கு துடித்தது உண்மை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் பின்னால், கிணற்று மேட்டில் என் மல்லி. வாளியில் இல்லை, தரையில். இடுப்பு உயரத்துக்குப் புதராய் நின்று, பொருக்கு மண்ணில் நிழல் விழாத வெயிலில், கிளைக்குக் கிளை மொட்டு. பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. எஸ்தரின் நைனா துண்டை விரித்து மொட்டுகளைப் பறித்துப் போட்டார்.

"உன் செடிதாம்மா. ஊருக்குத் திரும்பிப் போ சொல்ல ஒரு வார்த்தை சொல்லு, நோண்டி எடுத்துக் குடுத்துடறேன்" என்றார். பிறகு செடியைப் பார்த்துவிட்டு, "பொழைக்குமான்னு மட்டும் கேக்காத" என்றார்.

"இருக்கட்டும் நைனா" என்றேன். யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. தானாக வந்துவிட்டது.

எஸ்தர் அங்கேயே தங்கிவிட, நான் மட்டும் ஈரத்துணிப் பொட்டலத்தோடு சித்தூர் பஸ் நிலையத்துக்கு வந்தேன். ஒரு பக்கம் தமிழ்நாட்டு வண்டி. "வேலூர், வேலூர், சீட்டு இருக்கு, வாங்கம்மா" என்று கண்டக்டர் கூவியதும் காது கேட்ட பக்கம் கால் போய்விட்டது. ஏறுபடிக் கம்பியில் கைவைத்த பிறகுதான் நினைவு வந்தது. "ஏறுங்கம்மா, என்ன யோசனை?" என்றார் அவர். இத்தனை இதமாய் யாரும் என்னைக் கூப்பிட்டு நாளாகிறது. கையை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் நின்ற திருப்பதி பஸ்ஸில் போய் ஏறினேன்.

பக்கத்து இருக்கைப் பெண் மூச்சை இழுத்துவிட்டு, என் மடியைப் பார்த்து, "எக்கடிவம்மா ஈ மல்லெபூலு?" என்று கேட்டார். எங்கே வாங்கிய பூ என்கிறார்.

"மா இண்டிவே" என்றேன். எங்கள் வீட்டுப் பூ.

"மீ இல்லு எக்கட?"

உங்கள் வீடு எங்கே. இது எனக்கு நன்றாகவே தெரிந்த தெலுங்கு. கேள்வியை மறுபடி ஒருமுறை அவர் கேட்டார், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, மெதுவாக, கையை ஆட்டி. நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி மொட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வேலூர் பஸ் பின்வாங்கித் திரும்பியது. கொஞ்ச தூரம் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் போயின.